கொட்டகையில் கிடந்த ஜாவா

சேலத்திலிருந்து ஆத்தூருக்குப் போகும் சாலையில், நகரத்துச் சந்தடி சற்று அடங்குகிற இடத்தில் அயோத்தியாப்பட்டணம் வருகிறது. அரூர்ச் சாலை பிரிவது இங்கேதான். சேலம் – விருத்தாசலம் ரயில் பாதையும் இவ்வழியேதான் போகிறது. கோதண்டராமர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். இலங்கையிலிருந்து திரும்பிய ராமபிரான், அயோத்திக்குப் போய்ச் சேருவதற்குள் வேளை தவறிவிடும் என்று இங்கேயே பட்டாபிஷேகக் கோலத்தில் காட்சி தந்தார் என்பது தலபுராணம்.

போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் நடுவழியில் தங்கிவிட்ட மோட்டார் சைக்கிள்களும் உண்டு. அவற்றுக்குத் தலபுராணம் கிடையாது. மாட்டுக் கொட்டகையின் மூலையில், தவிட்டு மூட்டைக்கும் உடைந்த ஏர்க்காலுக்கும் நடுவே, சாக்குப் படுதாவைப் போர்த்திக்கொண்டு நிற்கும்.

அப்படி ஒரு வீடு இந்த ஊரில் இருப்பதாக வாசகர்கள் எண்ணிக்கொள்ளட்டும். வண்டி ஒரு ஜாவா. அதை வாங்கிய பெரியவர் காலமாகிவிட்டார். மகனுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல். சிறு பிள்ளையாக இருந்தபோது அதன் பெட்ரோல் டாங்கின்மேல் உட்கார்ந்து, அப்பாவின் இரண்டு கைகளுக்கு நடுவிலிருந்து சேலம் கடைவீதியைப் பார்த்தவர்.

“எடைக்குப் போட்டாலாவது ரெண்டு ஆடு கட்ட எடமாகுமுங்க” என்கிறார் மனைவி.

“உங்கப்பா தொட்ட வண்டி. எடைக்குப் போடாதே, கண்ணு” என்கிறார் தாயார்.

இரண்டும் நியாயம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகன் சாக்கை உருவுகிறார். அந்த நிமிஷத்திலிருந்து வண்டி பிழைப்பதும் பிழைக்காததும் அவர் கையில் இருக்கிறது. கொட்டகையில் கிடந்த இருபது வருஷத்தைவிட, சாக்கை உருவிய முதல் ஒரு மணி நேரத்தில்தான் பல பழைய வண்டிகளுக்குச் சேதம் அதிகம்.

உதைக்கக் கூடாது

எல்லாருக்கும் முதலில் வரும் ஆசை, ஓர் உதை உதைத்துப் பார்ப்போமே என்பது. ஜாவாவில் அது இன்னும் பெரிய ஆசை. மற்ற வண்டிகளில் கிக்கருக்கு ஒரு தண்டு, கியருக்கு ஒரு தண்டு. ஜாவாவிலோ இரண்டுக்கும் ஒரே தண்டுதான். அதை உள்ளே அழுத்தித் திருப்பினால் கிக்கர். கீழே விட்டால் கியர். இந்த வித்தை தெரிந்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் தெருவில் பெரிய மனிதர்கள்.

ஆனால் இப்போது உதைக்கக் கூடாது. சிலிண்டர் வார்ப்பிரும்பு. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளும் இரும்பு. வருஷக் கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் இரண்டுக்கும் நடுவே துரு படரும். பலங்கொண்ட மட்டும் உதைத்தால் ரிங் முறியும். அல்லது துரு பெயர்ந்து, உப்புத்தாள் போலச் சிலிண்டரின் உட்சுவரைக் கீறிவிடும். புதையலைத் தோண்டுகிற அவசரத்தில் பானையைக் கடப்பாரையால் குத்தின கதைதான்.

செய்யவேண்டிய காரியம் மிகச் சாதாரணமானது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாகக் கொஞ்சம் டீசலும் என்ஜின் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு, நாலைந்து நாள் வேறு வேலை பார்க்க வேண்டும். பிறகு மேல் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். அசைந்தால் நல்ல சகுனம். அசையாவிட்டால் இன்னொரு தரம் எண்ணெய், இன்னும் நாலு நாள்.

காத்திருக்கிற நாட்களில் சைலன்ஸரின் வாயை டார்ச் அடித்துப் பார்க்கலாம். குளவி உள்ளே மண் கூடு கட்டியிருக்கும். காற்று வடிகட்டிக்குள் எலி பஞ்சு மெத்தை போட்டிருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. இவற்றை எடுக்காமல் என்ஜினை ஓட்டினால் எலியின் மெத்தை நேரே கார்ப்பரேட்டருக்குள் போகும்.

இரண்டு அடி யந்திரம்

இத்தனை ஜாக்கிரதை எதற்கு? காரணம், இது டூ-ஸ்ட்ரோக் யந்திரம். இப்போது தெருவில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் அநேகமாக எல்லாம் நான்கு அடி யந்திரங்கள். அவற்றில் பெட்ரோல் வரும் வழி வேறு, மசகு எண்ணெய் ஓடும் வழி வேறு. வாயிலைத் திறந்து மூட வால்வுகள் உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே துவாரங்கள் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே கதவாக நின்று துவாரங்களைத் திறக்கும், மூடும்.

இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜோசப் டே என்பவர் 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் செய்த ஏற்பாடு இது. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் தலைக்கு மேலுள்ள பெட்ரோல் காற்று நசுங்குகிறது. அதே சமயம், காலுக்குக் கீழே, கிராங்க் சுழலும் பெட்டிக்குள் புதுக் காற்று இழுக்கப்படுகிறது. மேலே பொறி விழுந்து வெடித்ததும் பிஸ்டன் கீழே இறங்கி, பெட்டியிலிருக்கும் காற்றை அழுத்தி, பக்கத்துத் துவாரம் வழியாக மேலே அனுப்புகிறது. அது போய்ப் பழைய புகையை வெளியே தள்ளுகிறது. ஒரே சுற்றில் எல்லாம் முடிந்துவிட்டது. நான்கு அடி யந்திரத்துக்கு இதே காரியத்துக்கு இரண்டு சுற்று வேண்டும்.

ஆகவே கிராங்க் பெட்டி வெறும் பெட்டி அல்ல. கொல்லன் துருத்தி மாதிரி அதுவும் காற்றை இழுத்து ஊத வேண்டும். துருத்தியில் ஓட்டை விழுந்தால் உலை எரியாது. இந்தப் பெட்டியின் இரு பக்கமும் கிராங்க் தண்டைச் சுற்றி ரப்பர் வளையங்கள் உண்டு. ஆயில் சீல் என்பார்கள். கொட்டகையில் கிடந்த வருஷங்களில் அவை உலர்ந்து கெட்டிப்பட்டுவிடும். கிளச் பக்கத்துச் சீல் போனால் அங்குள்ள எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு வெள்ளை வெளேரென்று புகை வரும். அது தெரிந்துவிடுவதால் பயமில்லை. டைனமோ பக்கத்துச் சீல் போனால்தான் ஆபத்து. அந்த வழியாகச் சும்மாக் காற்று நுழையும். பெட்ரோலும் அதோடு வரும் எண்ணெயும் விகிதத்தில் குறையும். வண்டி முன்னைவிட விறுவிறுப்பாக ஓடுவதுபோலக்கூடத் தோன்றும். ஓட்டுகிறவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கையில் பிஸ்டன் சூடேறி, நடுச்சாலையில் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் நின்றுபோகும். கீழே விழுந்தவர்கள் உண்டு.

இரண்டு சீல்களின் விலை சொற்பம்தான். ஆனால் அவற்றை மாற்ற என்ஜினை முழுக்கப் பிளந்தாக வேண்டும். “ஓடுதே, அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்?” என்று கேட்பவர்கள் வாஸ்தவத்தில் இந்த இரண்டு ரப்பர் வளையங்களை நம்பித்தான் கேட்கிறார்கள்.

மைசூரில் பிறந்தவன்

வண்டியின் பூர்வோத்தரத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும். செக்கோஸ்லோவாகியாவில் பிராந்திசெக் யானெச்செக் என்பவர் ஆயுதத் தொழிற்சாலை வைத்திருந்தார். 1929-இல் வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் அமைப்பை வாங்கினார். தம் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும், வாண்டரரின் முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்து ‘ஜாவா’ என்று வைத்தார். ஜாவாத் தீவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்தியாவில் இரானி குடும்பத்தார் மைசூரில் ஐடியல் ஜாவா என்ற கம்பெனியை ஏற்படுத்தினார்கள். 1961-இல் அப்போது மைசூர் ராஜ்யத்தின் கவர்னராக இருந்த ஜயசாமராஜ உடையார் தொழிற்சாலையைத் தொடங்கிவைத்தார். 250 சி.சி. வண்டி, சிலிண்டர் ஒன்றுதான், ஆனால் புகைக்குழாய் இரண்டு. சங்கிலி முழுவதும் தகரக் கூட்டுக்குள் மறைந்திருக்கும், வேட்டி சிக்காது. 1970-களில் பெயர் யெஸ்டி என்று மாறியது. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2018-இல் ஜாவா என்ற பெயரில் புது வண்டிகள் வந்தன. அவை நான்கு அடி யந்திரங்கள், பெயர்தான் பழசு.

டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் மறைந்ததற்கு ஜாவா மட்டும் பொறுப்பல்ல. புதுக் காற்று பழைய புகையைத் தள்ளும்போது அதில் ஒரு பங்கு எரியாமலேயே வெளியே போய்விடும். மைலேஜ் குறைவதும் அதனால்தான், புகை நாற்றமும் அதனால்தான். 2000-ஆம் வருஷத்தை ஒட்டி வந்த புகைக் கட்டுப்பாடுகளுக்கு இந்த யந்திரம் ஈடுகொடுக்க முடியவில்லை. ராஜ்தூத், யமஹா ஆர்.எக்ஸ். 100, ஓசூரில் செய்த இந்த்-சுசுகி எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. அவற்றின் சத்தத்துக்கு ஏங்குகிறவர்கள், அந்தச் சத்தத்தோடு வந்த புகையையும் நினைத்துக்கொள்வது நல்லது.

முட்டை அட்டை உபாயம்

இனிப் பிரிக்கவேண்டிய கட்டம்.

பிரிப்பது பெரிய வித்தை அல்ல. திரும்பச் சேர்ப்பதுதான் வித்தை. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு. கலங்கல் கிராமத்துப் பிள்ளையான ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். கோயம்புத்தூரில் ஓர் ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த காரியம் ஊர் சுற்றுவது அல்ல. அக்கு அக்காகக் கழற்றி மறுபடி பூட்டியதுதான். பின்னால் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர், கழற்றிப் பூட்டிக் கற்ற கையோடுதான் அந்தத் தொழிலுக்கு வந்தார்.

நாயுடுவுக்கு இல்லாத ஒரு வசதி இப்போது உண்டு. செல்போனில் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துவிடலாம். எந்த ஒயர் எந்த ஒயருக்கு மேலே போனது, எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்தது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் மறந்துபோகும் சமாசாரங்கள்.

நட்டு, போல்ட்டு, வாஷர்களுக்கு இந்தச் சீமைக்கே உரிய உபாயம் ஒன்று உண்டு. நாமக்கல் பக்கத்திலிருந்து முட்டை வரும் அட்டையில் முப்பது குழிகள். கழற்றுகிற வரிசையில் ஒவ்வொன்றாகக் குழியில் போட்டு, பக்கத்தில் பென்சிலால் எண் எழுதிவிட்டால், பூட்டும்போது அதே அட்டையைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டு வரலாம். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி மண்ணெண்ணெயில் ஊறப்போடுகிறவர் கடைசியில் நாலு போல்ட்டு மிச்சம் வைத்துக்கொண்டு முழிப்பார்.

என்ஜினைப் பிளந்தால், வீட்டில் செய்யக்கூடியது எது, பட்டறைக்குப் போகவேண்டியது எது என்று பிரிந்துவிடும். கார்ப்பரேட்டரைக் கழுவி அதன் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்வது, பாயிண்டுகளைத் தேய்த்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைப்பது, சைலன்ஸருக்குள் படிந்த கரியை எடுப்பது, ஒயர்களை மாற்றுவது ஆகியவை வீட்டு வேலை. கரி எடுக்கக் காஸ்டிக் சோடா உபயோகிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: இரும்பை விட்டுவிடும் அந்தச் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். சைலன்ஸர் ஊறுகிற வாளியில் சோம்பலுக்காகக் கார்ப்பரேட்டரையும் போட்டால், மறுநாள் கார்ப்பரேட்டர் மிஞ்சாது. தோலில் பட்டாலும் அப்படியேதான், கையுறை அவசியம்.

கிராங்க் வேலையை வீட்டில் தொடக்கூடாது. ஜாவாவின் கிராங்க் மூன்று துண்டுகளை அழுத்திப் பொருத்தியது. கனெக்டிங் ராடு ஆடினால் அதை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிரித்து, புதுசு போட்டு, மறுபடி அழுத்தி, தலைமயிர் பருமன்கூட ஆட்டம் இல்லாமல் டயல் வைத்து நேர்பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டி நேராக்கினோம் என்று சொல்கிற இடத்திலிருந்து கும்பிட்டு விடைபெறுவது உத்தமம்.

இந்தப் பக்கத்தில் ‘போர் போடணும்’ என்றால் கேட்பவர்களுக்குத் திருச்செங்கோட்டு ரிக் லாரிதான் நினைவுக்கு வரும். மெக்கானிக் சொல்லும் போர் வேறு. துருவில் குழி விழுந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சீராக்குவது அது. கடைந்தால் சிலிண்டர் கொஞ்சம் அகலும். அதற்கேற்பக் கால் மில்லி, அரை மில்லி என்று பெரிய பிஸ்டன் போட வேண்டும். இங்கே வரிசை முக்கியம். பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அதன் அளவுக்குக் கடையச் சொல்ல வேண்டும். முதலில் கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுகிறவர்கள், பொருத்தமான அளவு அகப்படாமல் இன்னொரு தரம் கடைந்து, சிலிண்டரின் ஆயுளில் பாதியை ஒரே மாதத்தில் செலவழித்துவிடுகிறார்கள்.

ரிக்குகளும் லாரி பாடிகளும் செய்கிற ஜில்லாக்கள் இவை. லேத் பட்டறைக்குப் பஞ்சம் இல்லை. கம்பெனி மூடிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் ஜாவா, யெஸ்டி உதிரிச் சாமான்கள் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் பெட்டியின்மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. புது ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியே நுழைத்து அதன் வாய் இடைவெளியைப் பார்த்துவிட்டுத்தான் பிஸ்டனில் மாட்ட வேண்டும். பழைய சாமான் தேய்மானம் போக நன்றாக இருந்தால், சுமாரான புதுசைவிட அதுவே மேல் என்பது அனுபவஸ்தர்களின் அபிப்பிராயம்.

பேரிங் பொருத்துகிற தினம் சமையலறைக்கும் வேலை உண்டு. இரும்பைவிட அலுமினியம் சூட்டில் அதிகமாக விரியும். ஆகையால் முந்தின ராத்திரியே பேரிங்குகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்துவிட வேண்டும். மறுநாள் என்ஜின் கூட்டை அடுப்பில் காய்ச்ச வேண்டும். தோசைக்கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பதுபோலத் தெளித்துப் பார்த்தால், சொய்யென்று அடங்கும் பதத்தில் பேரிங் சுத்தியல் படாமலே உள்ளே இறங்கிவிடும். கூட்டை முன்னதாகவே கழுவி எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மூன்று நாள் இட்டிலியிலும் கிரீஸ் வாசனைதான். ஆடு கட்ட இடம் கேட்ட அம்மாளின் சம்மதம் இந்தக் கட்டத்தில் கட்டாயம் தேவை.

டாங்கும் பெட்ரோலும்

பெட்ரோல் டாங்குக்குள் துரு இருக்கும். பொடிக் கூழாங்கல்லையோ ஒரு துண்டுச் சங்கிலியையோ போட்டுக் குலுக்கி, பிறகு வினிகரை நிரப்பி இரண்டொரு நாள் வைப்பார்கள். பித்தளைக் குடத்துக்குப் புளி செய்வதைத் துருவுக்கு வினிகர் செய்கிறது. கழுவி, உடனே உலர்த்தி, எண்ணெய் காட்டிவிட வேண்டும். தாமதித்தால் மறுநாளே துரு திரும்பி வந்துவிடும்.

ஓட்டை இருந்து பற்றவைக்க நேர்ந்தால் மிக மிக ஜாக்கிரதை தேவை. பத்து வருஷம் காலியாகக் கிடந்த டாங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கலாம். நெருப்பு காட்டினால் அது வெடிகுண்டு. தண்ணீர் நிரப்பியும், ஆவி முழுவதும் வெளியேற்றியும் பற்றவைக்கத் தெரிந்த கைகளுக்கு மட்டுமே அந்த வேலையைக் கொடுக்கலாம். ‘ஒரு நிமிஷ வேலைதானே’ என்று சொல்கிறவரிடம் கொடுக்கக் கூடாது.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் அல்ல. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பர்க் குழாய்களை இளகச் செய்யும். டாங்கில் துரு பிடிக்கவும் கார்ப்பரேட்டரில் பூஞ்சணம் போல வெள்ளை படியவும் வழிவைக்கும். குழாயும் வளையமும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுவது நலம். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்ப்பரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்த வேண்டும்.

எதைத் தேய்ப்பது, எதை விடுவது

என்ஜினைவிட இதில்தான் குடும்பத்துக்குள் விவாதம் அதிகம். மெரூன் வர்ணம், அதன் ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு, டாங்கின் இரு பக்கமும் குரோமியம்: இதுதான் ஜாவாவின் அலங்காரம். சக்கரத்தின் ரிம்மும் ஸ்போக்கும் துருவில் மெலிந்திருந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்டது. ஓட்டை விழுந்த மட்கார்டையும் அடித்துச் சரிசெய்து வர்ணம் பூசவேண்டும். தங்கக் கோட்டுக்கு ஸ்டிக்கர் விற்கிறார்கள். ஆனால் லாரி பாடிக்கு எழுதிப் பழகிய ஓவியரின் கை தூரிகையால் இழுக்கும் கோட்டுக்கு ஸ்டிக்கர் ஈடாகாது.

டாங்க் விஷயம் வேறு. அந்த வீட்டு ஜாவாவின் டாங்கில், ஸீட்டுக்கு முன்னால் மேல்பக்கத்தில், வர்ணத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். சிறு பிள்ளையின் வெள்ளி அரைஞாண் பட்டு உண்டானவை. வர்ணக்காரர் அதன்மேல் கையை வைத்து, “இதையும் தேய்ச்சு அடிச்சிரலாங்களா? புதுசாட்டம் ஆயிரும்” என்று கேட்கிறார். பாவம், அவர் கேட்டதில் தப்பில்லை. எல்லா வண்டிக்கும் அப்படித்தான் செய்கிறார்.

தேய்த்தால் மட்கார்டும் டாங்கும் ஒரே நிறமாகப் பளபளக்கும். விடுகிறதானால் புது மெரூனும் வெயிலில் வெளுத்த மெரூனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பார்ப்பவர்கள் பணம் போதவில்லை போலும் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். துரு பரவாமல் மெழுகு தேய்த்து அப்படியே விடுவதுதான் சரி. வர்ணத்தை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். அரைஞாண் கட்டிய பிள்ளையை மறுபடி டாங்கில் உட்கார்த்திவைக்க முடியாது.

குரோமியம் பூசுவதிலும் இதே யோசனை வேண்டும். பூசுவதற்கு முன் பழைய பூச்சைச் சுரண்டி, இரும்பை உராய்ந்து மெருகேற்றுவார்கள். தகரம் ஏற்கெனவே மெலிந்திருந்தால் அந்த உராய்விலேயே ஊசித் துவாரங்கள் விழும். பளபளப்பு வரும், கூடவே பெட்ரோல் கசிவும் வரும்.

எண்ணைத் தொடாதே

வர்ணப் பட்டறைக்கு அனுப்புமுன் இன்னொரு காரியம் உண்டு. சேசிஸிலும் என்ஜினிலும் குத்தப்பட்டுள்ள எண்களைச் சுத்தம் செய்து, படம் எடுத்து, அவற்றின்மேல் டேப் ஒட்டி, “இங்கே உப்புத்தாள் படக்கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். அந்த எண் தேய்ந்துபோனால் வண்டி அநாதை. எத்தனை பளபளப்பாக இருந்தாலும் அது யாருடையது என்று எந்த ஆபீஸிலும் நிரூபிக்க முடியாது.

ஆர்.சி. புத்தகம் பெரும்பாலும் பெரியவரின் பெட்டியில், கோயில் ரசீதுகளுக்கு அடியில் இருக்கும். உரிமையாளர் காலமானால் 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு 31-ஆம் எண் படிவம். பல வீடுகளில் இதைச் செய்யாமலே வருஷங்கள் ஓடியிருக்கும். ஆபீஸுக்கு நடந்து சரிசெய்துகொள்ள வேண்டியதுதான். தவிர, பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பின் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் உருவம் மாறாத வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பெயர் கௌரவமாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, ஆராய்ச்சி, வின்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகிய காரியங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். சந்தைக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கி வர முடியாது. அப்பா ஓட்டின மாதிரியே ஓட்டவேண்டும் என்று ஆசைப்படுகிறவர், அந்தக் கௌரவத்துக்கு ஓடுமுன் ஒரு தரம் யோசிக்க வேண்டும். சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வழியிருந்தால் அதுவே அவருக்குப் பொருத்தம்.

முதல் உதை

மாதங்கள் ஆகியிருக்கும். எத்தனை மாதம் என்று கேட்டால் வீட்டில் ஒவ்வொருவர் ஒவ்வொரு கணக்குச் சொல்வார்கள்.

டாங்கில் இரண்டு லிட்டர் பெட்ரோல் போதும். லிட்டருக்கு 40 மில்லி டூ-டி எண்ணெய் என்பது வழக்கம். புது பிஸ்டன் போட்ட வண்டிக்கு ஆரம்பத்தில் 50 மில்லி வரை ஊற்றுவார்கள். எண்ணெயைத் தனியே அளந்து, பெட்ரோலோடு நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் டாங்கில் விட வேண்டும். ‘எண்ணெய் அதிகமானால் புகைதானே வரும், குறைந்தால் என்ன?’ என்று கேட்கிறவர்களுக்குப் பதில், குறைந்தால் புகையும் வராது, வண்டியும் வராது என்பதுதான். கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் அந்தப் பெட்ரோலோடு வருகிற எண்ணெயைத் தவிர வேறு கதி கிடையாது.

6 வோல்ட் பாட்டரியில் சார்ஜ் பார்த்தாகிவிட்டது. கைக்கு உதவியாக வந்திருக்கும் பழைய மெக்கானிக், “தம்பி, நீங்களே அடிங்க” என்று ஒதுங்கி நிற்கிறார். “நீங்க அடிங்கண்ணே, எனக்குக் கை நடுங்குது.” “காலாலதானே அடிக்கணும்?”

முதல் உதையில் ஒன்றும் இல்லை. நாலாவதில் ஒரு தும்மல். ஏழாவதோ எட்டாவதோ உதையில், இரண்டு சைலன்ஸரும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டு, ஜாவாவுக்கே உரிய அந்த ‘டுப்… டுப்… டுப்’ கொட்டகைத் தகரத்தில் மோதித் திரும்புகிறது. உள்ளே பூசியிருந்த எண்ணெயெல்லாம் எரிந்து முற்றம் முழுக்க நீலப் புகை. கோழிகள் ஓடுகின்றன.

திண்ணையில் உட்கார்ந்திருந்த தாயார் எழுந்து நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். “அரூர் ரோடு திரும்பறப்பவே கேக்கும். ஒலை வெச்சிருவேன்” என்கிறார். பிறகு, “அப்பவும் இத்தனை புகையா வந்துச்சு?” என்று கேட்கிறார்.

கையை நிதானமாக முறுக்கி, சூடு ஏறவிட்டு, அணைத்து, ஆறவிட்டு, மறுபடி கிளப்பி, மூன்று நாலு தரம் இப்படிச் செய்துவிட்டுத்தான் வண்டியைத் தெருவில் இறக்கவேண்டும். முதல் 500 கிலோமீட்டருக்குப் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. ஒரே வேகத்தில் நீண்ட தூரம் போகக் கூடாது. ஏற்றத்தில் முக்கவிடக் கூடாது. புது ரிங் சிலிண்டர் சுவரோடு பழக அத்தனை தூரம் தேவை. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். முதல் சவாரி பெட்ரோல் பங்க் வரை. போகும்போது ஸ்பேனரும் ஒரு பிளக்கும் சட்டைப் பையில்.